ஹெப்பார் நடந்து வந்த வழி

சிவலீலா பஸ்ஸிலிருந்து குதித்தபோது மணி ஏழேகால். வழக்கமாக ஏழு ஐந்துக்கு இறங்கிவிடுவாள். இன்று ஏதோ விழா என்று பாலத்தடியில் சாலையை அடைத்து, பஸ்ஸைச் சுற்றுவழியில் அனுப்பியிருந்தார்கள்.

ஏழரைக்குள் ஹம்சவனம் குடியிருப்பின் மூன்றாம் வாசலில் உள்ள கருவி அவள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் தாமதம் என்று குறித்துக்கொள்ளும். ஒரே மாதத்தில் மூன்று தாமதம் சேர்ந்தால் அவளுடைய நுழைவு அட்டை தானாகவே செத்துப்போகும். அதோடு அவள் சமைக்கும் நான்கு வீடுகளும் ஒரே மூச்சில் போய்விடும். இந்த மாதம் இரண்டு ஆகிவிட்டது.

ஹம்சவனம் கண்ணெதிரேதான் நின்றது. எதிரே என்றால் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம். எட்டு வரிசை வண்டிகள், நடுவே ஆளுயர இரும்பு வேலி. நேற்று அவள் கழுவிக் கவிழ்த்த இட்லித் தட்டு ஐந்தாம் மாடி பால்கனியில் வெயில் காய்வதைக்கூட இங்கிருந்தே பார்க்கலாம். போய்ச் சேரத்தான் முடியாது. நடைமேம்பாலம் ஒன்று உண்டு, ஒன்றேகால் கிலோமீட்டர் தள்ளி, ஒரு கார் கடையின் வாசலில். கார் வாங்க வருபவர்கள் நடந்துதானே வருவார்கள் என்று நினைத்துக் கட்டியிருப்பார்கள் போல.

போன மாதம்வரை வேலியிலேயே ஒரு சந்து இருந்தது. இரண்டு கம்பி வளைந்து, சிக்னல் விழும் நேரத்தில் நாற்பது பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நுழைந்து போவார்கள். ஹம்சவனம் சங்கத் தலைவர் அனந்த ஹெப்பார் அதைக் காருக்குள்ளிருந்து படம்பிடித்து, 'பாதசாரிகளின் பாதுகாப்பு' என்று தலைப்பிட்டு மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மறுநாளே வெல்டிங்காரன் வந்துவிட்டான். அதே சாலையில் இரண்டு வருடமாக வாய் பிளந்து கிடக்கும் பள்ளத்துக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

அப்புறம்தான் பெண்கள் மழைநீர்க் கால்வாயைக் கண்டுபிடித்தார்கள். பஸ் நிறுத்தத்தின் பின்னால் ஒரு கற்பலகையை நகர்த்தி இறங்கிக் குனிந்து நடந்தால் நாலு நிமிஷத்தில் அந்தக் கரை, பெரிய வாசலுக்குப் பக்கத்துப் பூச்செடிப் புதர். அங்கிருந்து மதிலைச் சுற்றி மூன்றாம் வாசலுக்கு இன்னும் பத்து நிமிஷம். ஓடினால் எட்டு.

இன்றும் ஓடியிருப்பாள். ஆனால் அந்தக் கற்பலகையின் மேல் அனந்த ஹெப்பாரே நின்றுகொண்டிருந்தார்.

வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் காலணி. பக்கத்தில் அவருடைய மாடிவீடு போன்ற கார், நெரிசலில் புதைந்து நின்றது. தினமும் காலையில் நடைப்பயிற்சிக்காக ஏரிக்கு ஐந்து கிலோமீட்டர் காரில் போய், ஏரியை இரண்டு சுற்று நடந்து, காரிலேயே திரும்புகிறவர் அவர். இன்று ஏழரைக்கு ஹம்சவனம் வாசலில் 'காரில்லா ஞாயிறு' விழா. அதைத் தொடங்கி வைப்பவர் அவர்தான். அந்த விழாவுக்காகப் பாலத்தடியை அடைக்கச் சொல்லி எழுதிய இரண்டாவது கடிதமும் அவருடையதுதான். தன் கார் திரும்பும் இடமும் அதுதான் என்பது மட்டும் எழுதும்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

சிவலீலா நிழற்குடைக்குள் ஒதுங்கி நின்றாள். அவர் பார்க்கும்படி இறங்கினால் நாளையே மூன்றாவது கடிதம் போகும், நாற்பது பேருக்கும் வழி அடைபடும். இறங்காவிட்டால் அவளுக்கு மட்டும் அடைபடும். அவர் நகர்வார் என்று காத்தாள். அவர் நகராமல் போனில் யாரிடமோ, இதோ வந்துட்டேன், பூங்கா பக்கத்தில்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழு இருபத்தொன்று. இனி ஓடினாலும் மூன்றாம் வாசல் கிடைக்காது.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "ஏம்மா, நீ நம்ம ஹம்சவனத்துல வேலை செய்யறவதானே? நீங்கள்லாம் அந்தப் பக்கம் எப்படிப் போறீங்க?"

"வேலில ஒரு சந்து இருந்துச்சு சார். யாரோ புண்ணியவான் எழுதிப்போட்டு அடைச்சுட்டாரு."

புண்ணியவான் தொண்டையைச் செருமிக்கொண்டார். வேறு வழியே இல்லையா என்று கேட்டார்.

"இருக்கு சார். ஆனா அது நடக்கற வழி. உங்களுக்குப் பழக்கமோ என்னமோ."

காரோட்டி மஞ்சு சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

சிவலீலா நிபந்தனையையும் சொல்லிவிட்டாள்: பெரிய வாசல் வழியாக அவளையும் கூட்டிப் போக வேண்டும். அதற்கெல்லாம் விதிமுறை இருக்கிறது என்று ஹெப்பார் ஆரம்பித்தார். சரி சார் என்று அவள் நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"சரி சரி, எழுந்திரு. எங்க அது?"

காட்டினாள். தான் நிற்கும் இடத்தையே காட்டியதும் அவர் துள்ளி விலகினார்.

உள்ளே இருட்டு, கணுக்கால் சேறு. தலைக்கு மேல் லாரி போகும்போதெல்லாம் சுவர் அதிர்ந்தது. வேலைக்காரர்களுக்குத் தனி லிஃப்ட் என்று அறிவிப்பு ஒட்டிய கை, அவளுடைய சாப்பாட்டுப் பையின் காதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தது. மெதுவாப் போம்மா, மெதுவாப் போம்மா என்று ஹெப்பார் இரண்டு தடவை கெஞ்சினார். அவள் மெதுவாகப் போகவில்லை.

வெளியே வந்தபோது ஏழு இருபத்தேழு. பெரிய வாசலில் 'காருக்கு விடுமுறை, காலுக்கு வேலை' என்று துணி தொங்கியது. கையில் மாலையோடு பத்துப் பேர். காவலர் தொட்டய்யா ஹெப்பாருக்கு ஒரு சலாம் வைத்தார், அதே கையை இறக்கி அவளை மறித்தார்.

"மூணாம் வாசலுக்குப் போ அக்கா. ரூல்ஸ் தெரியாதா?"

ஹெப்பாருக்குக் காது கேட்டது, கழுத்து திரும்பவில்லை. மாலையை நோக்கி நாலு எட்டு போய்விட்டார். தொட்டய்யா கையிலும் மூன்றாம் வாசலில் உள்ளதுபோல முகம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது; அதில் ஏழு இருபத்தெட்டு.

சிவலீலா குரலை உயர்த்தவில்லை. "சார், நீங்களும் நானும் எந்த வழியா வந்தோம்னு தொட்டய்யா கேக்கறாரு. சொல்லட்டுமா?"

தொட்டய்யா அப்படி எதுவும் கேட்கவில்லை. ஆனால் இப்போது கேட்கலாமே என்ற ஆசை அவர் முகத்தில் தெரிந்தது.

ஹெப்பார் திரும்பினார். "அவங்களை விடுப்பா. என்கூட வந்தவங்க."

கால்வாயில் 'நீ'யாக இறங்கியவள் வாசலில் 'அவங்க' ஆகிவிட்டாள். தொட்டய்யா கருவியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அது யோசித்தது. கொஞ்சம் அதிகமாகவே யோசித்தது. பிறகு பச்சையானது. ஏழு இருபத்தொன்பது.

ஐந்தாம் மாடியில் அவள் ஜோள ரொட்டிக்குச் சோள மாவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி கேட்டது. ஏரியிலிருந்து இந்த வாசல்வரை தான் நடந்தே வந்ததாக ஹெப்பார் சொன்னார். இவ்வளவு பெரிய ரோட்டை எப்படிக் கடந்தீர்கள் என்று யாரோ வெள்ளந்தியாகக் கேட்டார்கள். மனசிருந்தால் வழி தானாகத் தெரியும் என்றார். கைதட்டினார்கள். எட்டிப் பார்த்தாள். பூந்தொட்டிகளுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார், முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியாதபடி.

ஹுலிகெம்மா போன் செய்தாள். அடுத்த பிளாக்கில் பாத்திரம் தேய்ப்பவள், இதற்கு முந்தின பஸ், அதே கால்வாய். மஞ்சு சொன்னான், அந்தாளு வழியைப் பாத்துட்டானாமே, அடைச்சிருவானா என்று பதறினாள்.

"அடைக்கணும்னா லெட்டர் எழுதணும். எழுதினா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்கல்ல. எழுத மாட்டான்."

"அப்ப பயமில்லையே அக்கா?"

சிவலீலா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். ஏப்ரல் போனால் மழை வந்துவிடும். கால்வாயில் நீர் கூரைவரை ஏறும்.

"மழை வர்ற வரைக்கும் இல்லடி," என்றாள்.