ஐயனார் காதில் விழுந்த சொல்

1982 ஆவணி இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, பாடாலூருக்குக் கிழக்கே மூன்று மைலில் உள்ள எங்கள் ஊரில், அரியமுத்துவின் மகள் சிந்தாமணி தலை பின்னிக்கொண்டிருக்கும்போதே கண்ணுக்குத் தெரியாமல் போனாள். பின்னலின் பாதி தாயின் கையில் கனத்துக்கொண்டுதான் இருந்தது. "இறுக்காதம்மா, வலிக்குது" என்று குரலும் கேட்டதால், மலர்க்கொடி பின்னி முடித்து அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். நாலாம் வகுப்பு வாத்தியார், பேர் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" கேட்டது, அது போதும் என்று வருகைக் குறி போட்டார். வியாழக்கிழமை மலர்க்கொடியும் மறைந்தாள். அரிவாள்மணையில் வெங்காயம் மட்டும் தானாக அரிபட்டுக்கொண்டிருந்தது. அறுவடை நேரம், ஊருக்குத் தலைக்கு மேல் வேலை. ஆனாலும் பாதிப் பேர் வந்து, பார்க்க ஒன்றுமில்லாததைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அரியமுத்து பாடாலூர் மண்டியில் வெங்காய மூட்டை ஏற்றுகிறவன். மதுவிலக்கு இருந்த காலத்திலேயே குறைவில்லாமல் குடித்தவன்; சாராயக் கடை திறந்த பிறகு கேட்கவே வேண்டாம். பங்குனியில் ஒருநாள் அவன் தள்ளிய தள்ளில் மலர்க்கொடியின் இடது மணிக்கட்டு ஒடிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கையால் குடம் தூக்க முடியவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ஆடியில் ஏரிக்கரை ஐயனார் கோயிலுக்குக் கயிறு கட்டிக்கொள்ளப் போனான். எங்கள் பக்கத்தில் குடியை விட நினைப்பவன் சாமி முன்னால் சத்தியம் செய்து கையில் கறுப்புக் கயிறு கட்டிக்கொள்வான்; கயிறு இருக்கும்வரை தொடக் கூடாது. எல்லோரும் வாசலில் காவல் நிற்கும் கருப்பிடம்தான் சொல்வார்கள். அரியமுத்துவுக்கு அன்று ரோஷம். கருப்பே சாராயப் படையல் வாங்குகிறவர், அவரிடம் போய் இதைச் சொல்வதா என்று நினைத்தான். நேரே உள்ளே போய் ஐயனார் முன்னால் நின்று, "சாமி, இன்னையோட குடிய விட்டுட்டேன்" என்றான்.

ஐயனார் படையலில் பொங்கலைத் தவிர வேறெதையும் அறியாதவர். ஏரி மதகின் கல்லில் எழுத்து வெட்டிய காலத்திலிருந்து அங்கே உட்கார்ந்திருப்பவர். இரண்டு பேரும் மறைந்த பிறகு பூசாரி ராசாங்கம்தான் கோளாறைக் கண்டுபிடித்தார். "மதகுக் கல்லுல குடி குடின்னு எத்தன எடத்துல வெட்டிருக்கு? அவருக்குக் குடின்னா வூடு, பொண்டாட்டி, புள்ள. அதத்தான் விட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்துருக்க. கருப்புகிட்ட சொல்லிருந்தா புரிஞ்சிருக்கும்டா." சாராயத்தைத்தான் சொன்னேன் என்று அரியமுத்து திருத்திச் சொல்லிப் பார்த்தான். ஐயனார் ஒருமுறை காதில் வாங்கியதை மாற்றிக்கொள்வதில்லை. அடுத்து குரல் போகும், அப்புறம் தொட்டால் தெரிவதும் போகும் என்றார் பூசாரி. கயிற்றை அறுத்து ஒரு கிளாஸ் குடித்துவிட்டால் இருவரும் திரும்பிவிடுவார்கள். ஆனால் அறுத்தவனுக்கு மறுபடி கயிறு கிடையாது.

அதற்குப் பிறகு ஊரே அவனைக் குடிக்கச் சொன்னது. குடிக்காதே என்று இத்தனை வருஷம் காறித் துப்பிய ஊர்தான். மலர்க்கொடியின் அண்ணன் சாமிதுரை, தங்கச்சி கையை ஒடித்தவனை வெட்டுவேன் என்று திரிந்தவன், தானே பாட்டிலும் கையுமாக வந்து நின்றான். "மாப்ள, கால்ல வுழுறேன். ஒரே ஒரு கிளாஸ்." பாட்டிலை வைத்துவிட்டு அழுதுகொண்டே போனான். அரியமுத்துவுக்குத் தன்னைப் பற்றித் தெரியும். அவன் வாழ்நாளில் ஒரு கிளாஸ் ஒரு கிளாஸோடு நின்றதில்லை. ஆனாலும் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அரிவாளை எடுத்துக் கயிற்றில் வைத்தான்.

அடுப்புப் பக்கத்திலிருந்து மலர்க்கொடி பேசினாள். "இந்தாய்யா, குடிச்சிட்டு என்னத்தப் பாக்கப் போற? குடிச்ச நாள்லெல்லாம் ஒங் கண்ணு முன்னாடிதான் நின்னேன். பாத்தியா?"

அவன் முழங்கால் பக்கத்திலிருந்து சிந்தாமணி கேட்டாள்.

"நீ குடிச்சா நாங்க தெரிவோமாப்பா?"

"ஆமாடி கண்ணு."

"அப்பறம் நீ அடிக்க வந்தா நான் எங்க ஒளியறது?"

அரியமுத்து பாட்டிலை முற்றத்து மண்ணில் கவிழ்த்தான். செய்தது சரியா தப்பா என்று ஊர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்கும் தெரியாது.

புரட்டாசி முதல் வாரத்தில் குரல்கள் நின்றன. வாத்தியார் நாலு நாள் பேர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பதிவேட்டில் கோடு போட்டார். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, சந்தையில் சிந்தாமணி பிடித்துக்கொண்டு நடந்த விரல் வெறும் விரலானது. மறுநாள் மலர்க்கொடி அவன் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். உச்சி முடிந்து பிடரிக்கு வரும்போது கை லேசாகி, அப்புறம் இல்லாமல் போயிற்று. அவன் கொஞ்ச நேரம் குனிந்தபடியே காத்திருந்தான். பிறகு மிச்ச எண்ணெயைத் தானே தேய்த்துக் குளித்துவிட்டு மூட்டை ஏற்றப் போனான்.

அதன்பின் அவன் குடிக்கவில்லை. அதற்காக யாரும் அவனைப் பாராட்டவும் இல்லை. ஊரில் கல்யாணம் காதுகுத்து என்றால் பத்திரிகை வைக்க வருபவர்கள் மூன்று பேரையும் பேர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். பந்தியில் அவனுக்குப் பக்கத்தில் இரண்டு இலை போடுவார்கள். எவ்வளவு கூட்டமானாலும் அங்கே யாரும் உட்காருவதில்லை. பரிமாறுகிறவர்கள் அந்த இலைகளிலும் சோற்றை வைத்துவிட்டு, சாம்பாரோடு அடுத்த ஆளுக்குப் போகிறார்கள்.