சோத்தாங்கைப் பக்கம்

முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, கண்மாய் முழுக்க வெயில், தார்ப்பாதை பாட்டுக்குத் தண்ணீருக்குள் இறங்கிப் போயிருக்கிறது, இறங்கினது ஏறக் காணோமே என்று வாய்விட்டுச் சொன்னாள் செங்கமலம், கேட்க ஒரு கொக்குதான் இருந்தது, அது நீ யாரோ நான் யாரோ என்று காலை மாற்றி நின்றுகொண்டது. இந்த வயதில் கியர் வண்டி பழகி, அக்கா வீட்டுக்கு, ஆலங்கோட்டைக்கு, தன்னந்தனியாக, காரைக்குடியைத் தாண்டியதே இன்றைக்குத்தான், காலையில் வாசலில் நின்று புருஷன் தவமணி சொன்னது ஹெல்மெட்டுக்குள் இன்னும் சுற்றுகிறது, இந்தா பாரு, வழி தெரியலைன்னு ஒரு போன் வந்தாப் போதும், நானே வந்து கூட்டியாருவேன், ஆனா வண்டி அன்னிக்கே வித்தாச்சு, ஆள் ரெடியா இருக்கான். அவர் பேச்சில் பாதி விளையாட்டு, எந்தப் பாதி என்று கல்யாணமான நாளிலிருந்து அவளுக்குப் பிடிபட்டதில்லை, ஆனால் முந்தாநாள் ஒருவன் வந்து சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறாளே.

எங்கே தப்பியது, வடை தட்டிக்கொண்டிருந்த கடைக்காரம்மாவிடம் கேட்டுத்தானே வந்தாள், நேராப் போ தாயி, குறுக்கு ரோட்டுல போயி முட்டும், முட்டுன எடத்துல சோத்தாங்கைப் பக்கம் திரும்பு, அவ்வளவுதான், ஒத்தையிலயா போற, கெட்டிக்காரிதான். கெட்டிக்காரி அந்த முட்டில் வந்து நிற்கிறாள், சோத்தாங்கை, சோத்தாங்கை, கை தானாக உயர்கிறது, உயர்ந்த கையில் பழைய சோற்று வாசம், அடுப்படி மூலையில் ஆறு வயதுச் செங்கமலம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நொட்டாங்கையால் அள்ளி அள்ளித் தின்கிறாள், ஏண்டி, அந்தக் கையில தின்னா ஒடம்புல ஒட்டாதுடி என்று அம்மா கிழிந்த பாவாடை நாடாவால் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டுகிறாள், கட்டின கைக்குத்தான் பசிக்கிறது, மற்றக் கை பந்தியில் சாப்பிடப் பழகிக்கொண்டது, ஆனாலும் தவமணி வீட்டில் இல்லாத மதியங்களில் இன்றைக்கும் அவள் அடுப்படியில் நின்றபடி அந்தக் கையால்தான் சாப்பிடுகிறாள், அப்போதுதான் குழம்புக்கு ருசியே வருகிறது. பின்சீட்டில் யாரோ இருக்கிறார்கள், எந்தக் கைடி முறுக்குது, வலது கை, வலது என்று வண்டி பழகின மைதானத்தில் கத்துகிறார், அது தவமணியா அம்மாவா, நாடாவின் இறுக்கம் மணிக்கட்டில் இருக்கிறது, அவிழ்த்தால் அந்தக் கைக்குக் கிளட்ச், அவிழ்த்த கை ஆசையாக நீள, வண்டி அது போன இடது பக்கம் போய்விட்டது, அப்படியானால் அவள் சோத்தாங்கைப் பக்கம்தானே திரும்பினாள், தப்பு அவளுடையதா, சோற்றினுடையதா.

போன் அடிக்கிறது, அவர்தான். எங்க இருக்க? தண்ணிகிட்ட நிக்கிறேங்க. நல்லது, தண்ணியக் குடிச்சுட்டு மெதுவாப் போ, கொரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு, வழி தெரியலையா, சொல்லு, வரவா? வாங்க என்கிற ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கிறது, வண்டியைத் திரும்பிப் பார்த்தாள், வந்த பாதை ஆளில்லாமல் நீண்டு கிடக்கிறது, அதன் கோடியில் அந்த முட்டு, இங்கேயிருந்து போனால் அந்தச் சோத்தாங்கைப் பக்கம் நேர் எதிரே, ஐயையோ, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்னடி சிரிக்கிற, அந்த முட்டு வந்துச்சா, எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியுமா? திரும்ப வேணாங்க, நேராப் போயிருவேன். ஏ கிறுக்கி, அங்க நேரா ரோடே கெடையாதே! ஒங்களுக்கு இல்ல, எனக்கு இருக்கு, வச்சிருங்க.

சேற்றிலிருந்து வண்டியைப் பின்னுக்கு இழுத்துத் திருப்பினாள், இரண்டு கையும் சேர்ந்துதான் இழுத்தன, முறுக்கினாள், கொக்கு பறந்தது, பக்கக் கண்ணாடியில் பார்க்கிறாள், இறங்கிப் போயிருந்த பாதை தண்ணீரைவிட்டு மெல்ல ஏறி, ஈரத்தோடு, அவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.