தக்காளிக் கடையில் செம்பட்டைத் தளபதி

போன மாதம் என்னைப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டுக் கொன்றார்கள். நான் என்றால் நானில்லை, செம்பட்டைத் தளபதி. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோட்டைக்காகச் சண்டை போட்டுச் செத்த குதிரை வீரர்கள் ஏழு பேர், இன்றைக்கு ஒரே நகரத்தில் பல் டாக்டராகவும் லிப்ட் மெக்கானிக்காகவும் டாக்சி டிரைவராகவும் மறுபடி பிறந்து பழைய பகையைத் தீர்க்கிற தொலைக்காட்சித் தொடர் அது. ஏழு பேரில் ஒரே பெண், செம்பட்டை. முகம் ஒரு நடிகையுடையது, குரல் என்னுடையது. நடிகைக்கு சினிமாவில் வாய்ப்பு வந்தது, பறந்துவிட்டாள். முகம் போனதும் குரலையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள்.

வயிறு எரியாதா? டப்பிங்குக்கு வந்த நாளிலிருந்து மாமியாராக அழுதிருக்கிறேன், மருமகளாக அழுதிருக்கிறேன், நடுவில் சோப்பு விளம்பரத்தில் கொஞ்சம் சிரித்தேன். முதல் தடவையாக ஒரு படையை நடத்தினேன் சாமி! இனி மறுபடியும் மூக்கைச் சிந்து என்றால் மனசு ஆறுமா?

கதாசிரியரிடம் போய்க் கேட்டேன். ஒரு சிக்கலை அவிழ்க்கச் சொன்னால் மேலே இன்னும் இரண்டு போடுவார் என்பதால் அவருக்கு எங்களிடையே முடிச்சு என்றுதான் பெயர்.

"சார், எல்லாருமே செத்துப் பொறந்தவங்கதானே? இவளும் இன்னொரு தரம் பொறக்கட்டுமே."

"பொறக்கலாம்மா. குழந்தையா பொறந்து, பல் முளைச்சு, பள்ளிக்கூடம் போய், அப்புறம்தானே வாள் தூக்கணும்? சேனல் அதுவரைக்கும் தாங்குமா?"

"எண்ணூறு வருஷம் காத்திருந்தவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா சார்?"

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

எனக்குக் கிடைத்தது கூட்டக் குரல். நாலைந்து பேர் ஒரே மைக்கைச் சுற்றி நின்றுகொண்டு, ஆளுக்குப் பத்துத் தொண்டை மாற்றி, ஒரு ஊரே கத்துகிற மாதிரி கத்த வேண்டும். அதற்கு ஒரு விதி உண்டு. தொடரில் முக்கியமான ஆளுக்குப் பேசியவர் கூட்டத்தில் அந்தக் குரலைக் காட்டவே கூடாது. மூக்கால் பேசு, கீச்சிடு, இருமு, என்னவோ செய். பார்க்கிற ஜனங்களுக்குக் காது கூர்மை. விதியை மீறினால் அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிற சவுண்ட் இன்ஜினியர் என் வீட்டுக்காரர். ஸ்டுடியோவுக்குள் கால் வைத்துவிட்டால் என்னை முன்னே பின்னே பார்த்ததே இல்லை என்பது போல "மேடம்" என்பார். "வளையல் சத்தம் விழுது, கழட்டிடுங்க மேடம்." அந்த வளையலை வாங்கிக் கொடுத்ததே அந்த மகராசன்தான்.

அன்றைக்குச் சந்தைக் காட்சி. டாக்சி டிரைவராகப் பிறந்த வீரருக்குப் பூர்வ ஜென்ம ஞாபகம் வந்து, எங்கிருந்தோ ஒரு குதிரையைப் பிடித்து நடுச் சந்தையில் விரட்டிக்கொண்டு வருகிறார். ஜனம் சிதறுகிறது. ஓரத்தில் தக்காளி விற்கிற பெண் ஒருத்தி வாயைத் திறந்து மூடுகிறாள். அந்த வாய் என் பங்கு, அதை மட்டும் தனியாகப் பதிவு செய்து பிறகு கூட்டச் சத்தத்தோடு சேர்ப்பார்கள். கீச்சுக் குரலில் "ஐயோ, குதிரை!" என்று அலற வேண்டும், அவ்வளவுதான் வேலை.

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. அடிவயிற்றிலிருந்து செம்பட்டை எழுந்து வந்தாள்.

"குதிரை வருது, வழிய விடுங்கடா!"

கோட்டை வாசலில் கத்தின அதே இழுப்பு, அதே அதட்டல். பக்கத்தில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அவர் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். "ஓகே, அடுத்தது" என்றார். சந்தைக் கூச்சலோடு சேர்க்கும்போது அமுங்கிவிடும் என்று நிம்மதியாகவும் இருந்தது, அமுங்கிப்போகுமே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

அந்தக் காட்சி ஒளிபரப்பானதை நான் பார்க்கவில்லை, பார்த்தால் வயிற்றெரிச்சல்தான். மறுநாள் ஸ்டுடியோவுக்குள் முடிச்சு தலைதெறிக்க ஓடி வந்தார்.

"யார் பண்ண வேலைம்மா இது? தளபதி திரும்பி வந்துட்டா, தக்காளி விக்கிறான்னு ஊரே கத்துது! போன மாசம் செத்தவ நாப்பது வயசுல எப்படிம்மா தக்காளி விப்பா?"

அதற்கும் ஜனங்களே பதில் கண்டுபிடித்திருந்தார்கள். கோட்டைப் போரில் வாள் வெட்டு விழுந்தபோது தலைக்கவசத்தோடு உயிரும் இரண்டாகப் பிளந்ததாம். ஒரு பாதி பாலத்திலிருந்து விழுந்ததாம், மறு பாதி தக்காளிக் கடையில் உட்கார்ந்திருக்கிறதாம். முடிச்சுக்கே இப்படி ஒரு முடிச்சு தோன்றியதில்லை.

"விதி தெரியாதா உங்களுக்கு? இனிமே இந்தப் பக்கமே நீங்க..."

படையும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம், அழுகிற வேலையாவது மிஞ்சட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அவர் கையிலிருந்த போன் அடித்தது. சேனலிலிருந்து.

"சொல்லுங்க சார்... அப்படியா சார்? பிடிச்சிருக்கா?" மனிதர் குரலில் தேன் வழிந்தது. "ஆமா சார், ஆரம்பத்துலேருந்தே அதான் சார் பிளான்!"

போனை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஐஸ் தண்ணி குடிக்காதீங்கம்மா. தளபதிக்குத் தொண்டை முக்கியம்."

வீட்டுக்கு வந்துதான் அந்தக் காட்சித் துணுக்கைப் போனில் போட்டுக் கேட்டேன். தக்காளிக்காரி வாயைத் திறக்கும்போது சந்தையே அடங்கிவிடுகிறது. என் குரல் மட்டும் மணி மாதிரி கேட்கிறது. என் வீட்டுக்காரர் மேசை முன்னால் உட்கார்ந்து கேரட் சீவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அத்தனை பேர் கூச்சல்ல என் குரல் மட்டும் எப்படித் தனியா கேட்டுச்சு?"

"மத்த சத்தத்தையெல்லாம் நான்தான் இறக்கினேன்."

அட கமுக்கமான மனுஷா! "மாட்டியிருந்தா உங்க வேலையும் சேர்ந்து போயிருக்குமே?"

"போனா போகட்டும். மாசம் பூரா இந்த வீட்ல நீ என்ன பேசினே? 'கதவை அடை! துண்டைக் கொண்டு வா! எதிரிகள் ஜன்னல் வழியா வர்றாங்க!' வந்தது கொசு. படைய இழந்த தளபதிக்கு மிச்சமிருந்த ஒரே சிப்பாய் நான். என்னால முடியலடி."

நான் சிரித்த சிரிப்பில் கேரட் உருண்டு கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "அதோட, நீ திரும்ப அழுகைக்குப் பேசறத கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து கேக்க எனக்குப் பிடிக்கல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவ்வளவு ஆசையாக இருந்தது அந்த மனுஷன் மேல். ஆனால் தளபதி அழலாமா? தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"சிப்பாய்!"

"சொல்லுங்க மேடம்."

"டீ!"

கேரட்டை வைத்துவிட்டு அவர் அடுப்படிக்குப் போனார்.