அட்டவணையில் இல்லாத வயது

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஆறரை மணி. ஏரிக்கரைச் சாலையின் கோடியில் உள்ள பால் பண்ணையில், பிறந்து ஒன்பது நாளான கிடேரிக் கன்று, பால் பாட்டிலைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

பண்ணையை நடத்துவது அக்காவும் தங்கையும். தங்கைக்குப் பட்டப்பெயர் டேப்பு. மாட்டின் மார்பைச் சுற்றி அளந்தால் எடை காட்டும் நாடா எப்போதும் அவள் சட்டைப் பையில் இருக்கும். வைக்கோல் கட்டு, கதவு, அக்காவின் இடுப்பு என்று அவள் அளக்காமல் விட்டது கிடையாது.

கன்றின் தாய்தான் பண்ணையில் அதிகம் கறக்கும் மாடு. மூன்று முறை சினை தங்காமல் நான்காவது முறை ஈன்றது. இனி சினைப்படுவது சந்தேகம் என்று மருத்துவரம்மா சொல்லிவிட்டார். இந்தக் கன்று போனால் அந்த மாட்டின் வம்சமே அத்தோடு நின்றுவிடும்.

தொப்புள் வீங்கிக் கன்றுக்குக் காய்ச்சல் வந்தது மூன்று நாளைக்கு முன்பு. மருத்துவர் அன்று வெளியூரில் இருந்தார். மருந்துப் பெட்டிக்கு மேல் மாட்டியிருக்கும் அட்டவணைப்படி ஆன்டிபயாட்டிக் ஊசி போடப் போனில் சொன்னார். டேப்பு அளந்து பார்த்துப் போட்டாள். காய்ச்சல் இறங்கியது. வீக்கமும் வற்றியது. கன்று மட்டும் நாளுக்கு நாள் சோர்ந்து போனது.

மருத்துவர் ஏழரைக்கு வந்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று கேட்டார். இருவருக்கும் தெரியவில்லை. கன்றின் அடியில் இருந்த வைக்கோல் உலர்ந்து கிடந்தது.

“எத்தனை ஊசி போட்டே?”

“தினம் ஒண்ணு, டாக்டர். மூணு நாள்.”

மருத்துவர் எழுந்து போய் அட்டவணையைப் பார்த்தார். அது அவர் கொடுத்தது இல்லை. அவர் கொடுத்தவை இரண்டு தாள்கள்: ஒன்று இரண்டு வாரத்துக்குள் இருக்கும் கன்றுகளுக்கு, மற்றது அதைத் தாண்டியவற்றுக்கு. போன மழையில் இரண்டும் நனைந்து ஒட்டிக்கொண்டன. டேப்பு அவற்றை ஒரே தாளாகத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டினாள். வயது ஏற ஏற எடையும் ஏறத்தானே செய்கிறது, எதற்கு இரண்டு என்று வயதை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு பிறந்த கன்றுகள் எல்லாம் வயதுக்கேற்ற எடையில் இருந்ததால் ஒரு தவறும் நேரவில்லை. இது பிறக்கும்போதே ஐம்பத்திரண்டு கிலோ. ஒரு மாதக் கன்றுக்கான வரியில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வரியில் தினம் ஒரு ஊசி. பச்சைக் கன்றுக்கோ இரண்டு நாளைக்கு ஒன்றுதான்.

“உடம்பு பெருசா இருந்தா ஆச்சா?” என்றார் மருத்துவர். “கிட்னிக்கு வயசு ஒம்பது நாள்தான். போட்ட மருந்தை வெளிய தள்ள அது இன்னும் கத்துக்கலை. முதல் ஊசி கிளம்புறதுக்குள்ள அடுத்ததை ஏத்தினா எங்க போகும்? உள்ளேயே தங்கி கிட்னியைத்தான் கெடுக்கும்.”

டேப்பு அட்டவணையைச் சுவரிலிருந்து கழற்றினாள். அக்கா மெல்லச் சொன்னாள்: “என் இடுப்பைக்கூட விடாம அளந்தவ, வயசைக் கோட்டை விட்டுட்டியேடி.”

மருந்தை நிறுத்தியாயிற்று. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். கழுத்து நரம்பில் ஊசி குத்தி, உத்தரத்தில் கயிறு கட்டி, குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். இனிச் சிறுநீர் வந்தால் கிட்னி பிழைத்தது என்று அர்த்தம். வராவிட்டால் செய்வதற்கு அதிகம் இல்லை என்றார் மருத்துவர். தாய்ப்பசு நக்குவதுபோல் வாலுக்கு அடியில் வெந்நீர்த் துணியால் தேய்க்கச் சொன்னார்.

டேப்பு தேய்த்தாள். எட்டரை ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. பால் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. இரண்டாவது பாட்டில் மாற்றினார்கள். மூன்று பெண்கள் ஒரு கன்றின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா தேநீர் கொண்டுவந்தாள். தங்கை திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவர் பக்கத்துப் பண்ணைக்குப் போக வேண்டியிருந்தும் போகாமல் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

பத்தேகாலுக்குக் கன்று முன்னங்காலை ஊன்றியது. இருவர் தாங்கிப் பிடிக்க எழுந்து நின்றது. வாலைத் தூக்கியது. வந்தது கொஞ்சமாக வரவில்லை. மருத்துவரின் இடது ஷூ முழுக்க நனைந்தது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து பரிசோதனைத் தாளை எடுத்து, நனைத்து, நிறம் பார்த்தார்.

“பயப்பட ஒண்ணுமில்லை. கிட்னி ஓடுது.”

டேப்பு ஈர வைக்கோலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அக்காவுக்கே புரியவில்லை. “எத்தனை லிட்டர்னு அளந்தியாடி?” என்று கேட்டாள். அதற்குத் தங்கை சிரித்தது நன்றாகவே கேட்டது. மருத்துவரும் சிரித்தார். கன்று அக்காவின் முந்தானையைப் பிடித்துச் சப்பத் தொடங்கியது. பாட்டிலைக் காட்டினார்கள், பாதி குடித்தது.

மதியம் பரிசோதனைக் கூடத்திலிருந்து அழைத்தார்கள். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் கூடியிருக்கிறது, ஆனால் மீளக்கூடிய அளவுதான் என்றார்கள். மருத்துவர் இரண்டு நாள் தொடர்ந்து பாட்டில் ஏற்றினார். அடுத்த ஊசி தேவைப்படவில்லை.

மார்ச் 14, வெள்ளிக்கிழமை எடுத்த ரத்தத்தில் அளவு இயல்புக்கு வந்திருந்தது. மருந்துப் பெட்டிக்கு மேல் இப்போது இரண்டு தாள்கள் மாட்டியிருக்கின்றன. இரண்டிலும் முதல் கட்டம் வயது. கன்று வேளைக்கு இரண்டரை லிட்டர் குடிக்கிறது.