பத்துமலைக்குப் போய்வந்த வகுப்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தில் காவலாளி முதல் துணைவேந்தர் வரை எல்லோருக்கும் தெரியும். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தக் கோபம் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் கிள்ளான் வளாகத்தில் செயற்கை நுண்ணறிவுப் பாடம் தொடங்கியே இருக்காது.

நான் உஷாராணி, பாட ஒருங்கிணைப்பாளர். கணினியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கால அட்டவணை போடுவதும், பதில் சொல்லாதவர்களுக்கு மறுபடி மறுபடி மின்னஞ்சல் அனுப்புவதும்தான். ஆனால் இந்தப் பாடத்தைப் பற்றிக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, "அதெல்லாம் பெரிய யூனிவர்சிட்டி செய்யட்டும், நமக்கு எதுக்கு லா?" என்று ஒருவர் கேட்டாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நம்ம பிள்ளைங்க என்ன, மத்தவன் செய்யறதைப் பார்த்துக் கைதட்டவா பிறந்திருக்காங்க?" என்று கேட்டேன். அன்றே ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன்.

அதற்குப் பிறகு பட்ட பாடு கொஞ்சநஞ்சமா! ஆய்வகத்துக்கு என்று ஓர் அறையைக் கொடுத்தார்கள். திறந்தால் கூரை வரை உடைந்த நாற்காலிகள். ஆள் அனுப்புகிறோம் என்றவர்கள் அனுப்பவே இல்லை. கடைசியில் நானே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக வெளியே தள்ளினேன். நல்ல கணினிகளைக் கணக்கியல் துறை பூட்டி வைத்திருந்தது. அவர்கள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து வாங்கி வந்தேன்.

பாடம் நடத்த ஆள் தேடினோம். உள்ளூரில் நாங்கள் அழைத்தவர்கள் எல்லாம் சம்பளத்தைக் கேட்டதும் மரியாதையாகத் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். அப்படித்தான் திருச்சியிலிருந்து கடல் தாண்டி ஜாபர் அலி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். மனைவி பாத்திமாவும் சின்ன மகளும் கூட வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் வீடு. அவருடைய வேலை பெர்மிட் இந்தப் பாடத்தை நம்பித்தான் இருந்தது. சோதனை முறையில் நடந்துகொண்டிருந்த பாடத்தை வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டுக் குழு ஏற்றுக்கொண்டால் நிரந்தரம். இல்லையென்றால் பாடமும் இல்லை, வேலையும் இல்லை. மகளைப் பாலர் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

குழு வரும் நாளை நானும் அவரும் சேர்ந்தே குறித்தோம். ஞாயிறு தைப்பூசம். திங்கள் அதற்குப் பதில் விடுமுறை. அதனால் செவ்வாய். விடுமுறையைச் சாமர்த்தியமாகத் தவிர்த்துவிட்டதாக எங்களுக்கு நினைப்பு.

குழுவுக்குக் காட்ட மாணவர்கள் தாங்களே உருவாக்கிய ஒரு வருகைப்பதிவு இயந்திரம் இருந்தது. கேமராவுக்கு முன் வந்து நின்றால் முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லும். தெரிந்தவர் என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அதைச் செய்த மாணவர்களுக்குத் தலைவி ரோகிணி. பக்கத்துப் பண்டமாரான் ஊர்ப் பெண், அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். வகுப்பிலேயே கெட்டிக்காரி. இடுப்பு வரை தொங்கும் பின்னல். ஒத்திகையில் இயந்திரம் ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு ஆய்வகக் கதவைத் திறக்கிறேன், உள்ளே வரிசையாக மொட்டை! பாதி வகுப்பு தலை முழுக்கச் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதில் ரோகிணியும் ஒருத்தி. அவளை எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. இயந்திரத்துக்கு எங்கே தெரியப்போகிறது?

யுகேந்திரன் என்ற பையன் கேமரா முன்னால் போய் நின்றான். திரையில் சிவப்பு எழுத்து: தெரியாதவர். ரோகிணி நின்றாள். தெரியாதவர். எப்போதும்போல் தலையை மூடித் தூடோங் அணிந்த அஃப்ரின் வந்து நின்றதும் பச்சை விழுந்தது.

"அலாமாக்!" என்று தலையில் கைவைத்தான் யுகேந்திரன்.

"அலாமாக்கா? டேய், இது என்னடா கூத்து? செஞ்ச ஆளுங்களையே தெரியாதுங்குது. ஒருத்தருக்குக்கூட இது தோணலையா?"

"கேமரா முகத்தைத்தானே பார்க்கும்னு நெனச்சோம், மேடம். சோரி லா."

ஜாபர் அலியின் முகம் வெளுத்துவிட்டது. அப்போதும் அவர் குரல் உயரவில்லை. "தப்பு எங்கன்னு தெரியுது மேடம். எல்லாப் படத்தையும் விரத நேரத்துலயே எடுத்துட்டோம். பசங்க தாடியோட இருந்தாங்க, ரோகிணி பின்னலோட. அது முடியையும் தாடியையும் வெச்சே ஆளைக் கத்துக்கிச்சு. சோதிச்சதும் அதே படங்கள்ல கொஞ்சத்தை வெச்சுத்தான். அதான் எல்லாம் சரின்னு காட்டுச்சு."

நான் ரோகிணியின் கையைப் பிடித்து நடைவழிக்கு இழுத்து வந்தேன்.

"இத்தனை பேரும் சேர்ந்தா மொட்டை போடுவீங்க? யாருக்குடி என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல மேடம்." தலையைக் குனிந்துகொண்டாள். "இந்தக் கோர்ஸ் நிக்கணும்னு வேண்டிக்கிட்டோம். கோர்ஸ் போயிட்டா சாரும் போயிடுவாரு. அவருகிட்ட சொல்லிடாதீங்க, வெட்கமா இருக்கு."

"கேட்டது கிடைச்சப்புறம்தானடி மொட்டை போடுவாங்க?"

"அட்வான்ஸ், மேடம்."

செயற்கை நுண்ணறிவுப் பாடத்துக்காகப் பத்துமலை ஏறி முருகனுக்கு முன்பணம் கட்டிய வகுப்பு உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கும். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் குழு பத்து மணிக்கு வருகிறதே!

"பிரிக்பீல்ட்ஸ்ல டான்ஸ் சாமான் விக்கிற கடைக்குப் போன் போடறேன். சவுரி, டோப்பா எதாச்சும் கிடைக்கும்" என்றேன்.

"சாமிக்குக் கொடுத்த முடி, மேடம். அதுக்குப் பதிலா கடையில வாங்கி மாட்டிக்கறதா?"

எடுத்த போனைக் கைப்பையில் போட்டேன்.

அதற்குள் டீன் பரமேஸ்வரன் டையைச் சரிசெய்தபடி வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும், "ஃபிக்ஸ் பண்ண முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"இப்பவே புதுசா படம் எடுத்துச் சேர்த்தா ஒரு மணி நேரத்துல பழகிடும் சார்" என்றார் ஜாபர் அலி.

"அப்புறம் என்ன? எடுங்க. ஆனா இதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது, ஓகே?"

ரோகிணி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "முதல்ல இன்னைக்குப் பொழுதைத் தாண்டுவோம்டி. போ, போய் வேலையைப் பாரு" என்று விரட்டினேன். அடுத்த ஒரு மணி நேரம் மொட்டைத் தலைகளை நேராகவும் பக்கவாட்டிலும் நிறுத்திப் படம் எடுத்துத் தள்ளினார்கள். குழுவின் கார் வாசலில் நிற்கும்போது எல்லோருக்கும் பச்சை விழுந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

குழுவின் தலைவர் பேராசிரியர் நோரைனி. மெல்லிய குரல், கூர்மையான கண். எதையும் பாராட்டாமல் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும் ரகம். அங்கே எல்லோரும் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசினார்கள். நான் தமிழில் சொல்கிறேன்.

பாடத்திட்டத்தைப் பார்த்தார்கள், ஆய்வகத்தைப் பார்த்தார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராகக் கேமரா முன் நின்றார்கள். பச்சை, பச்சை, பச்சை. நோரைனியின் உதட்டில் லேசாகச் சிரிப்பு தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நான் பலகார மேசைப் பக்கம் திரும்பினேன். கறிபாப் ஆறிப்போய்விடுமே என்ற கவலை.

அந்த நேரம் பார்த்து டீனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "அடுத்த படிப்புத் தவணையிலிருந்து எங்கள் தேர்வு மண்டபத்தில் இதைத்தான் பொருத்தப்போகிறோம். இயந்திரத்துக்கு முகம் தெரியவில்லையென்றால் மாணவர் உள்ளே போக முடியாது. ஆள்மாறாட்டமே நடக்காது" என்றார்.

ரோகிணி கையைத் தூக்கினாள்.

"பொருத்தக் கூடாது" என்றாள்.

அடிப்பாவி, என்ன பண்ணுகிறாய்! கண்ணாலேயே அடக்கப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கணினியில் உட்கார்ந்து, காலையில் இருந்த பழைய பதிப்பை மறுபடி ஓடவிட்டாள். எழுந்து வந்து கேமரா முன் நின்றாள். பெரிய திரையில், எல்லோரும் பார்க்க, சிவப்பு எழுத்து விழுந்தது: தெரியாதவர்.

"இந்த இயந்திரத்தை உருவாக்கியவள் நான். இன்று காலை எட்டு மணிக்கு இது என்னையே தெரியாது என்றது. எங்கள் படங்கள் எல்லாம் தலைமுடியோடு எடுத்தவை. இது முடியைத்தான் கற்றுக்கொண்டது. நீங்கள் வருவதற்கு முன் புதுப் படங்களைச் சேர்த்து ஒப்பேற்றினோம். முடி வளர்ந்ததும் மறுபடி என்ன சொல்லும் என்று எங்களுக்குத் தெரியாது. மருந்து சாப்பிட்டு முடி கொட்டிப்போன ஒரு பிள்ளை தேர்வு எழுத வந்தால் வெளியே நிறுத்திவிடும். வகுப்பில் செய்து கற்றுக்கொள்ள இது போதும். ஒருவரை உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய இது போதாது."

டீனின் முகம் மிளகாயைக் கடித்த மாதிரி ஆகிவிட்டது. அவர் ஜாபர் அலியைப் பார்த்த பார்வைக்கு, 'உன் மாணவியை உட்காரச் சொல்' என்று அர்த்தம். உட்காரச் சொல்லியிருக்கலாம். மனைவியையும் மகளையும் நினைத்துக்கொண்டு சொல்லியிருந்தால் நான் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

ஜாபர் அலி எழுந்து நின்றார். "ரோகிணி சொல்வது சரி. வேறு மாதத்தில், வேறு தோற்றத்தில் எடுத்த படங்களை வைத்துச் சோதிக்கும்படி நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலையில் ஒப்பேற்ற உதவியவனும் நான்தான்" என்றார்.

சரி, எல்லாம் போச்சு என்று தெரிந்தது. ஆனால் எனக்குள் கோபத்தைத் தேடினேன், காணவில்லை. கூரை வரை கிடந்த நாற்காலிகளைத் தள்ளியது இதற்குத்தானே என்று தோன்றியது. கட்டின புடவை கொள்ளாத பெருமை எனக்கு. நான் பெற்ற பிள்ளைகள் பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு இப்படி நெஞ்சு நிமிரவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.

நோரைனி பேனாவைக் கீழே வைத்தார். "ஒன்று கேட்கலாமா? தனிப்பட்ட கேள்வி. வேண்டாம் என்றால் பதில் சொல்ல வேண்டாம். இத்தனை பேர் ஒரே வகுப்பில் முடி இறக்கியிருக்கிறீர்களே, எதற்கான வேண்டுதல்?"

ரோகிணி தயங்கினாள். யுகேந்திரன் தரையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் அவளே சொன்னாள். "இந்தப் பாடத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், எங்கள் விரிவுரையாளர் போய்விடக் கூடாது என்று."

ஜாபர் அலி சட்டென்று நிமிர்ந்தார்.

"அவ்வளவு ஆசை இருந்தும், இதை நம்பாதீர்கள் என்று எங்களிடமே சொல்கிறாயா?"

"வேண்டுதல் எங்களுடையது, பேராசிரியர். இயந்திரம் எல்லோருக்கும்."

குழு கலந்து பேச வெளியே போனது. அவர்கள் திரும்பி வரும்வரை ஒரு பிள்ளைகூடக் கறிபாப்பைத் தொடவில்லை. நான்கூடச் சாப்பிடச் சொல்லவில்லை.

நோரைனி உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார். "இந்த இயந்திரத்தை எங்கும் பொருத்தக் கூடாது. இந்தப் பாடத்தை நிறுத்தவும் கூடாது. எங்கள் பரிந்துரை இதுதான். ஓர் இயந்திரம் எங்கே தவறும் என்று சோதிப்பதற்கென்றே இன்னொரு பகுதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதையும் இவரே நடத்தட்டும்." சொல்லிக்கொண்டே ஜாபர் அலி பக்கம் கையைக் காட்டினார்.

முதலில் கைதட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் டீன்தான்! "ஐ ஆல்வேஸ் நியூ, எனக்கு முதல்லயே தெரியும்" என்று என் காதருகே வேறு சொன்னார். நான் பார்த்த பார்வையில் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டார்.

குழுவின் கார் கிளம்பிய பிறகு ஆய்வகம் சந்தைக்கடையானது. மொட்டைத் தலைகள் ஒன்றை ஒன்று தட்டிக்கொண்டன. கறிபாப் தட்டு நொடியில் காலி. ஜாபர் அலி மட்டும் ஒரு மூலையில் நின்றிருந்தார். பிறகு மெதுவாக ரோகிணியிடம் வந்தார்.

"எனக்காகவாம்மா இதெல்லாம்? என் பேரைச் சொல்லியா வேண்டிக்கிட்டீங்க?"

"பேரு மட்டுமா? பிரிக்பீல்ட்ஸ் வீட்டு அட்ரஸ், பெர்மிட், பாப்பா பேரு எல்லாம் சொன்னோம் சார்" என்றாள் ரோகிணி. "ஜாபர் அலின்னு எத்தனையோ பேர் இருக்காங்கல்ல? ஆள் தெரியாம முருகன் வேற யாருக்காச்சும் கொடுத்துட்டா?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பாதியிலேயே அழுதுவிட்டார்.