கீழ்வீட்டில் கேட்ட பேஸ் கிட்டார்

வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். ஏழாவது நாள், அடிக்குரலில் மட்டும் பேசுகிற நாலு கம்பி பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். எங்கள் குழுவில் மூன்று பேர்தான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். மருந்துக்கடைக்காரர் டிரம்ஸ். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு அங்கே இடம் கிடைத்தது என் திறமையால் என்று என் மாமியார் நம்புகிறார். உண்மையில் என்னிடம் வேன் இருந்தது.

என் பிரச்சினை சத்தம். வரவில்லை என்பதல்ல, ஏராளமாக வந்தது. ஒத்திகை முடிந்ததும் மருந்துக்கடைக்காரர் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு சொல்வார்.

"நீ வாசிக்கிறது நெஞ்சுல வந்து இடிக்குது. ஆனா என்ன சுரம்னுதான் தெரியல."

நான் என்னைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். முதலில் கம்பிகளை மாற்றினேன். அப்புறம் வயரை. அப்புறம் காலால் மிதிக்கிற பெடல் ஒன்று வாங்கினேன். அதில் மூன்று விளக்குகள் எரிந்தன, பார்க்கவே நிம்மதியாக இருந்தது. கடைசியாக நாலு ஸ்பீக்கர் வைத்த ஆம்ப்ளிஃபயர் வந்தது. நானும் வாத்தியாரும் அதை மாடிக்கு ஏற்றியதில் மூன்று நாள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மனைவி அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள்.

"கதவு எந்தப் பக்கம்? ஃபிரிட்ஜ்தானே இது?"

அதை அறையின் மூலையில், சுவரோடு ஒட்டி, தரையில் வைத்தேன். பேஸ் கிட்டாருக்கு பேஸ்தானே முக்கியம் என்று 'பேஸ்' குமிழைக் கடைசி வரை திருப்பினேன். 'மிட்' என்று எழுதியிருந்ததை, அது எதற்கென்று தெரியாததால், சுத்தமாக அடைத்துவிட்டேன். வாசித்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. பெருமையோடு மனைவியைத் திரும்பிப் பார்த்தால், அவள் அலமாரியில் நகர்ந்துகொண்டிருந்த தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு மாலை கீழ்வீட்டு டைலரக்கா கதவைத் தட்டினார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும் என நினைத்தேன்.

"சத்தம் ஜாஸ்தியா இருக்காக்கா? குறைச்சிடறேன்."

"அது இருக்கட்டும் தம்பி. என் மெஷின் சத்தத்த நீங்க பொறுத்துக்கலையா? நான் வந்தது அந்த மூணாவது பாட்டு விஷயமா. பாதியில திடீர்னு வேகமெடுத்து ஓட ஆரம்பிச்சிடறீங்க. பெடல் மேல இருக்கற என் காலும் கூடவே ஓடுது. இன்னைக்கு ஒரு சட்டைக் கை கோணிப்போச்சு."

புது ஆம்ப்பில் அப்படியொரு கோளாறு வர வாய்ப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"மத்தபடி எப்படிக்கா கேக்குது?"

"லாரி நின்ன எடத்துல உறுமுற மாதிரி. தாளம் தெரியுது, பாட்டு தெரியல. வந்து நீங்களே கேளுங்க."

கிட்டாரை மனைவியின் மடியில் வைத்து, நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லிவிட்டுக் கீழே போனேன். செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றேன். மேலேயிருந்து வந்தது ஒரே உறுமல். முதல் கம்பிக்கும் நாலாவது கம்பிக்கும் வித்தியாசமே இல்லை. அதைவிடத் தெளிவாகக் கேட்டது, மேஜைமேல் ஆடிக்கொண்டிருந்த குண்டூசி டப்பா. இதற்குத்தான் நான் இடுப்பைக் கொடுத்தேன்.

அக்கா டப்பாவை எடுத்துத் தள்ளி வைத்தார்.

திடீரென்று உறுமல் நின்றது. அடுத்து வந்தது ஒரு சுரம். பிறகு இன்னொன்று. நாலு கம்பியும் நாலு ஆட்கள் மாதிரி தனித்தனியாகப் பேசின.

"என்ன பண்ணினே?" என்று போனில் கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலங்க. ஒரு நாப் இந்தப் பக்கம் கோணி நிக்குது, இன்னொண்ணு அந்தப் பக்கம். கண்ண உறுத்துச்சு. எல்லாத்தையும் நேரா நிமித்தி வச்சேன். தப்பா?"

மாடிக்கு ஓடினேன். குமிழ்கள் எல்லாம் பன்னிரண்டு மணி முள் மாதிரி நிமிர்ந்து நின்றன. பின்னாலேயே வந்த அக்கா அறையை ஒரு நோட்டம் விட்டார்.

"அத ஏன் மூலையில முடக்கி வச்சிருக்கீங்க? இப்படி இழுத்துப் போட்டு, ஒரு பெஞ்சு மேல ஏத்துங்க. என் கூரையும் கொஞ்சம் தப்பிக்கும்."

ஏற்றினோம். மிச்சமிருந்த இரைச்சலும் போனது. இரண்டு வருடமாக நான் தேடியதை, கிட்டாரை அதுவரை தொட்டே பார்க்காத இரண்டு பெண்கள் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். என் பங்கு, படியில் ஏறி இறங்கியது.

அடுத்த ஞாயிறு காலை ஒரு மரச்சாமான் கடையின் திறப்பு விழாவில் வாசித்தோம். ஆம்ப்பை ஒரு டீப்பாய்மேல் வைத்து, எல்லாக் குமிழையும் நிமிர்த்திவிட்டு ஆரம்பித்தேன். முதல் பாட்டில் மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டாவது பாட்டில் லேசாகப் புருவம் சுருங்கியது. மூன்றாவதில் நான் பாதியில் ஓடினேன். ஓடியது கடை முழுக்க, சோபாவில் உட்கார்ந்திருந்தவர்கள் உட்பட, எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. நாலாவதில் தவறான சுரத்தில் இறங்கி, அங்கேயே கொஞ்ச நேரம் குடியிருந்தேன்.

இடைவேளையில் மருந்துக்கடைக்காரர் என்னை ஒரு பீரோவின் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"ரெண்டு வருஷமாவே இப்படித்தான் வாசிச்சிட்டு இருந்தியா?"

"இவ்வளவு நாள் கேக்கலையா?"

"எங்க கேட்டுச்சு? இடி மாதிரில்ல இருக்கும்."

வாத்தியார் பெருந்தன்மையானவர். "புது ஆளுக்கு கியர் மாத்தச் சொல்லிக்கொடுத்தா மொதல்ல வண்டி குலுங்கத்தான் செய்யும்" என்றார். நான் புது ஆள் இல்லை என்பது மூவருக்கும் தெரிந்ததால் மருந்துக்கடைக்காரர் குச்சிகளை எடுத்துக்கொண்டு டிரம்ஸ் பக்கம் நடந்தார்.

சாமான்களைக் கட்டும்போது, கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். இத்தனை நாளில் மேடையிலிருந்து இறங்கிய என்னிடம் யாரும் பேசியதில்லை, கழிப்பறை எங்கே என்று கேட்டவர்களைத் தவிர.

"அந்த நாலு கம்பி கிட்டார் வாசிச்சது நீங்கதானே? நல்லாக் கேட்டுது சார்" என்று சொல்லிக் கைகொடுத்துவிட்டுக் கட்டில்கள் இருந்த பக்கம் போனார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்னே மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரா, நல்லாக் கேட்டுதுன்னு சொன்னாரா?"

"கேட்டுதுன்னு."

"ம்" என்றாள். அடுத்த துணியை மடித்து வைத்துவிட்டு, நல்ல மனசோடுதான், "அதுவும் ஒரு ஆரம்பம்தானேங்க" என்றாள்.