குளிரூட்டியில் கட்டிய வாழை

ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பாகூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் மருத்துவமனையில் கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்குவது என் வேலை. தொண்டையில் புற்று வந்த தையலம்மாளை மேசையில் படுக்கவைத்துக் கதிரைத் திறந்தேன். பாதியில் நின்றது. மறுபடி திறந்தேன், மறுபடி நின்றது. திரையில் எலக்ட்ரான் கற்றை ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே கற்றை ஓடும் செப்புக் குழாய் கொஞ்சம் சூடேறினாலும் கற்றை நிலைகொள்ளாது, இயந்திரம் தானே அணைந்துவிடும். அணையாமல் போனால், புற்றில் விழவேண்டிய கதிர் முதுகுத்தண்டில் விழும்.

குழாயைக் குளிர்விக்க வரும் தண்ணீரே சுட்டது. பின்புறம் ஓடினேன். தண்ணீரை ஆற்றும் குளிரூட்டியின் விசிறி வாயை அடைத்தபடி, குலை தள்ளிய இரண்டு வாழை மரங்கள், மஞ்சள் துணி, மாவிலைத் தோரணம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. எந்த மடையன் வேலை இது என்று கத்தினேன்.

"நாந்தான் கட்டுனேன். இன்னா இப்போ?" தையலம்மாளின் மகன் மணவாளன் பின்னால் நின்றான். கையில் கரும்பு வெட்டும் கத்தி.

"காத்து போவலண்ணா. மிஷின் சூடாவுது. அவுத்துடலாம்."

"அம்மா பொழைக்கணும்னு வேண்டிக்கினு கட்டுனது. பூஜைக்கு முன்ன மரத்த சாய்ச்சா வூட்ல பொணம் வுழும். கை வெச்சே, அவ்ளோதான்."

"இப்படியே வுட்டாதான் வுழும்." என் வாய் எப்போது சும்மா இருந்தது? துணியைப் பிய்த்தேன்.

அறைந்தான். சுவரில் மோதி விழுந்தேன், வாயெல்லாம் ரத்தம். எழுந்து மறுபடியும் இழுத்தேன். இடுப்பில் உதைத்தான். தடுக்க வந்த காவலாளி புகழ்வேந்தனின் தலையைப் பிடித்துக் குளிரூட்டியின் தகரத்தில் மோதினான். எனக்கும் வெறி பிடித்துவிட்டது. கையில் கிடைத்த செங்கல்லை அவன் முகத்தில் எறிந்தேன். மூக்கு உடைந்தது, கத்தி கீழே விழுந்தது.

அதை எடுத்தது தையலம்மாள். நோயாளி அங்கியோடு எழுந்து வந்திருந்தார். புற்றினால் குரல் போய்விட்டிருந்தது. மரத்தை ஓங்கி வெட்டினார்.

"யம்மா, வாணாம்மா, நீ செத்துருவே" என்று மணவாளன் அழுதுகொண்டே மரத்தைக் கட்டிப்பிடித்தான். அடுத்த வெட்டு அவன் கையில் இறங்கியது. பிடி நழுவியது. அவர் நிறுத்தவில்லை. முதல் மரம் சாய்ந்தது. இரண்டாவதை நான் பிடுங்கிப் போட்டேன்.

அவனைத் தையல் போடத் தூக்கிப் போனார்கள். தண்ணீர் ஆறியதும் கற்றை அசையாமல் நின்றது. தையலம்மாள் தானே மேசையில் ஏறிப் படுத்தார். விரல்களில் மகனின் ரத்தம், கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, திற என்று இயந்திரத்தைக் காட்டினார்.